முப்பத்தாறு டிகிரி நிம்மதி

ஈஸ்டுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில்தான் பெல்சியா பர்னாந்துக்குப் பதவி உயர்வும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தது.

2041ஆம் வருடம், மே மாதம். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் வெண்சங்கு பயோ என்றொரு தொழிற்சாலை. முந்நூறு பேர் வேலை செய்தார்கள். இரண்டு மாடி உயரத்தில் ஆறு எஃகுத் தொட்டிகள். அவற்றுக்குள் சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் வளர்ந்துகொண்டிருந்தது. பன்னு உப்புவதற்குப் போடுகிற அதே ஈஸ்ட்தான். ஆனால் இதன் மரபணுவில் மனிதனுடைய துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். அந்தத் துண்டு சொன்னபடி ஈஸ்ட் ஒரு புரதத்தைச் செய்து வெளியே துப்பும். அதை வடிகட்டி, சுத்தம் செய்து, மூக்கில் அடிக்கிற சின்னக் குப்பியில் அடைத்தால் அதற்குப் பெயர் 'நிம்மதி'. காலையில் ஒரு முறை அடித்துக்கொண்டால் சாயங்காலம் வரை படபடப்பு இருக்காது. பரீட்சை எழுதுகிறவர்கள், மேடையில் பேசுகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று ஆரம்பித்த வியாபாரம், மென்பொருள் கம்பெனிகள் கண்ணில் பட்டதும் எங்கேயோ போய்விட்டது. ஊழியர்களுக்கு விடுமுறை கொடுப்பதைவிட நிம்மதி கொடுப்பது சுலபம் என்று அந்தக் கம்பெனிகள் கண்டுகொண்டன.

பெல்சியா தொட்டிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருந்தாள். வயது நாற்பத்து நான்கு. கணவன் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் எட்டு மாதம் கடலில். தொட்டியின் சத்தத்தை வைத்தே உள்ளே ஈஸ்ட் பசியோடு இருக்கிறதா, வயிறு நிறைந்து கிடக்கிறதா என்று அவள் சொல்லிவிடுவாள் என்று பிரிவில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சை அவள் மறுத்ததும் இல்லை. தான் தயாரிக்கிற நிம்மதியை மட்டும் அவளால் உபயோகிக்க முடியவில்லை. முதல் முறை அடித்தபோதே கழுத்திலிருந்து முழங்கை வரை தடித்துப்போய், ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. மனிதவளத் துறைக் கோப்பில் அவள் பெயருக்கு நேரே 'நிம்மதி ஒத்துக்கொள்ளாதவர்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த மே மாதம் தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரம் மூன்று நாள் படுத்துவிட்டது. ஈஸ்டுக்கு முப்பது டிகிரிதான் சுகம். வெளியே வெயில் நாற்பத்தொன்று. தொட்டிகள் முப்பத்து நான்கில் போய் நின்றன. கடல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவியும் அதே வாரம் மக்கர் பண்ணியதால் தண்ணீரில் உப்பு வேறு ஏறியிருந்தது. ஆறு தொட்டியும் போச்சு, எல்லாவற்றையும் கழிவில் ஊற்ற வேண்டியதுதான் என்று பெல்சியா நினைத்தாள். மூன்றாம் நாள் அளந்து பார்த்தால் புரதம் ஒன்றரை மடங்கு. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று மறுபடி அளந்தாள். ஒன்றரை மடங்குதான்.

அதை அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினாள். அனுப்பாமல் இருந்திருக்கலாமே என்று பிற்பாடு பல நாள் நினைத்ததுண்டு. ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரே பெருமை.

நிர்வாக இயக்குநர் தயாபரன் அறிக்கையைப் படித்துவிட்டு அவரே தொட்டிக் கூடத்துக்கு இறங்கி வந்தார். சென்னைக்காரர். இதற்கு முன் ஷாம்பு விற்கிற கம்பெனியில் இருந்தவர். ஈஸ்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது சம்பளம் கேட்காது என்பதுதான்.

"சிம்பிளா சொல்லுங்க பெல்சியா. சூடு பட்டா அது ஏன் அதிகமா வேலை செய்யுது?"

"சார், புரதம் செய்யும்போது நீளமா ஒரு நூல் மாதிரி வரும். அத சரியா மடிச்சாத்தான் மருந்தா வேலை செய்யும். சேலை மடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஈஸ்டுக்குள்ள மடிக்கிறதுக்குன்னே ஆளுக இருக்கு. சுகமா இருக்கையில நாலு பேரு மடிப்பாங்க. சூடு பட்டதும் எல்லாம் கசங்கிரும்னு ஈஸ்ட் பயந்து இன்னும் எட்டு பேர எறக்கும். அந்த எட்டு பேரும் நம்ம புரதத்தையும் சேத்து மடிச்சு வெளிய தள்ளுறாங்க. அதான் கூடுது."

"அதாவது, பயம் வந்தா ப்ரொடக்‌ஷன் ஏறுது."

"ஒரு அளவு வரைக்கும்தான் சார். சூடு இன்னும் கூடுனா மடிக்க நேரம் இருக்காது. அரையும் குறையுமா சுருட்டி வெளிய தள்ளிரும். எடை போட்டுப் பாத்தா சரியாத்தான் இருக்கும். மடிப்ப சோதிச்சுப் பாத்தாத்தான் கோளாறு தெரியும்."

தயாபரன் முதல் பாதியைக் குறித்துக்கொண்டார். இரண்டாம் பாதி வருவதற்குள் பேனாவை மூடிவிட்டார்.

"நிம்மதி செய்யறதுக்கு நிம்மதி இல்லாம இருக்கணும்! பியூட்டிஃபுல்!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பெல்சியா தொட்டிப் பிரிவு மேலாளர் ஆனாள். குளிர்விக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்த்து, முப்பத்து நான்கு டிகிரிக்கு மேல் போனால்தான் ஓடும்படி வைத்தார்கள். ஒரு மாதத்தில் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து புது ரக ஈஸ்ட் வந்தது. புரதம் செய்யச் சொல்லும் மரபணுவின் சுவிட்சைச் சூட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முப்பது டிகிரியில் அது தின்னும், பெருகும், தூங்கும். வேறு எதுவும் செய்யாது. சூடு தாங்காமல் தவித்தால் மட்டுமே வேலைக்கு எழுந்திருக்கும். தயாபரன் அதற்கு 'உழைப்பாளி' என்று பெயர் வைத்தார்.

ஈஸ்டோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு திங்கட்கிழமை கட்டுப்பாட்டு அறையில் நாற்காலிகளைக் காணவில்லை. அடுத்த வாரம் பாக்கிங் பிரிவில் ஏசி நின்றது. எட்டு மணி நேர ஷிப்ட் பத்து மணி நேரமானது. சுவரெல்லாம் சுவரொட்டி. அதில் வியர்வை வழிய ஒரு ஈஸ்ட் பல்லைக் காட்டிச் சிரித்தது. கீழே 'மிதமான அழுத்தம், மிகுந்த விளைச்சல்' என்று கொட்டை எழுத்து. ஈஸ்டுக்குப் பல் கிடையாது என்று பெல்சியா சொல்லிப் பார்த்தாள். படம் வரைந்தவருக்கு அது முக்கியமாகப் படவில்லை.

தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். சங்கத்தார் கேட்டில் கொடி கட்டினார்கள். தயாபரன் அதற்கும் வழி வைத்திருந்தார். ஊழியர் அனைவருக்கும் தினமும் இலவச நிம்மதி. கேட்டில் இருந்த வருகைப் பதிவு இயந்திரத்தில் மூக்கை வைக்க வேண்டும். அது ஒரு முறை பீய்ச்சி அடிக்கும். அப்புறம்தான் கதவு திறக்கும். பெல்சியா மட்டும் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக, தினம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டாவது வாரம் சங்கத் தலைவரே கொடியை அவிழ்த்து, மடித்து, காவலாளியிடம் கொடுத்துவிட்டு, "நல்ல துணி, தொடைக்க ஆகும்" என்று சொல்லிப் போனார்.

கொதிகலன் பார்க்கும் முத்துமாலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கவலைப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் அவர். அழுத்தமானியைப் பார்ப்பார், விரலால் தட்டுவார், நாலு எட்டுப் போவார், திரும்பி வந்து மறுபடி தட்டுவார். தொட்டிகளைக் கழுவ ஆவி அவரிடமிருந்துதான் வரும் என்பதால் வாரத்துக்குப் பதினைந்து தடவை பெல்சியாவைக் கூப்பிடுவார். "மேடம், ஆவி லேசா கசியுற மாதிரி இருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்க." பதினான்கு தடவை ஒன்றும் இருக்காது. பதினைந்தாவது தடவை உண்மையிலேயே கசிந்துகொண்டிருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கொதிகலனில் ஒரு விபத்து நடந்ததில்லை.

நிம்மதி வந்த பிறகு அவருடைய அழைப்புகள் நின்றன. பெல்சியாவுக்கு முதலில் அது பெரிய விடுதலையாக இருந்தது. மேலாளர் வேலையில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருநாள் வழியில் பார்த்து, "என்ன முத்துமாலை, ஆளயே காணோம்?" என்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும் மேடம்" என்றார் அவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவருக்கு இவ்வளவு நல்ல முகமா என்று பெல்சியா ஆச்சரியப்பட்டாள்.

ஜூலையில் தொட்டிகளின் சூட்டை முப்பத்தாறாக ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கூடவே இன்னொரு செய்தி: ஒவ்வொரு தொகுப்புக்கும் செய்துவந்த மடிப்புச் சோதனை இனிமேல் கிடையாது, இரண்டு நாள் தாமதமாகிறது. பெல்சியா தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் உமையொருபாகத்தைத் தேடிப் போனாள். திருநெல்வேலிக்காரர். அவர் கண்ணில் படாமல் ஒரு கொசு அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்ததில்லை.

"சார், முப்பத்தாறுல ஓட்டச் சொல்லுறாங்க. இப்பப் போயி மடிப்புச் சோதனைய நிப்பாட்டுனா எப்படி?"

"நிப்பாட்டச் சொன்னாவ, நிப்பாட்டியாச்சு" என்றார் உமையொருபாகம்.

"போன வருசம் லேபிள் ஒரு மில்லிமீட்டர் சாய்ஞ்சு இருக்குன்னு நாலாயிரம் குப்பிய திருப்பி அனுப்புன ஆளு சார் நீங்க."

"ஆமா. என்னத்துக்கு அனுப்புனேன்னு நானும் யோசிச்சுப் பாக்கேன், பிடிபட மாட்டேங்கு. சாய்ஞ்சா சாய்ஞ்சுட்டுப் போகட்டுமே. வட சாப்பிடுதியளா? சூடா இருக்கு."

வடை நன்றாகத்தான் இருந்தது. பெல்சியா அதைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றைக்கு ஆறு தொட்டியையும் முப்பத்தாறுக்கு ஏற்றியது அவள் கைதான்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்குக் கொதிகலனின் அபாயச் சங்கு ஊதியது. பெல்சியா மூன்றாம் தொட்டியின் மேல்தட்டில் நின்றிருந்தாள். ஒரு நிமிடம் ஊதும், முத்துமாலை எதையாவது மூடுவார், நின்றுவிடும் என்று பார்த்தாள். நிற்கவில்லை. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். கீழே பார்த்தால் ஆட்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். ஒருவன் சங்குக்குத் தோதாகத் தலையைக்கூட ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏணியில் இறங்கி ஓடினாள். அந்த வளாகத்தில் அன்று ஓடிய ஒரே ஆள் அவள்தான்.

கொதிகலன் அறை வாசலுக்கு வந்தபோது முத்துமாலை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஆவிக் குழாயின் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே அழுத்தமானியின் முள் சிவப்பைத் தாண்டி நின்றது. குழாய் இணைப்பு சீறிக்கொண்டிருந்தது.

"முத்துமாலை! எந்திரிங்க! வெளிய வாங்க!"

"டீ முடிச்சுட்டு வாரேன் மேடம்" என்றார்.

இணைப்பு பிய்த்துக்கொண்டது. கொதிகலன் தானாக அணைந்தது. ஆனால் அதற்குள் வந்த ஆவி போதும். இரண்டு கால்களும், வலது கையும் வெந்துபோயின. பெல்சியா கையுறை மாட்டிய கையோடு அவரை இழுத்து வெளியே போட்டாள். கூடி நின்றவர்களில் ஒருவர், டீ சொல்கிற தோரணையில், "ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமே" என்றார். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முத்துமாலையின் மனைவி பேச்சித்தாய் வார்டு வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. சிரிச்சுட்டே இருக்காரு. வலிக்கான்னா வலிக்குங்காரு. ஆனா அதப் பத்தி ஒண்ணுமே இல்லங்குத மாதிரி இருக்காரு. புண்ணுக் காலோட எந்திரிச்சு கக்கூசுக்கு நடந்து போறாரு. ஒட்டி வச்ச தோலெல்லாம் கிழிஞ்சு போச்சு. இப்பிடியே போனா கால எடுக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. இவரு என்ன சொல்லுதாரு தெரியுமா? 'எடுங்க சார், ரெண்டு இருக்குல்லா'ங்காரு."

உள்ளே முத்துமாலை அவளைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். "வாங்க மேடம். சாப்ட்டியளா?"

பெல்சியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு கணக்கு அவளுக்கு உதைத்தது. ஒரு பீய்ச்சல் எட்டு மணி நேரம்தான் நிற்க வேண்டும். இவர் மூக்கில் நிம்மதி போய் ஐந்து நாள் ஆகிறது.

மறுநாள் காலையில் அவளே ஆய்வகத்துக்குள் போய், மூலையில் தூசி படிந்து கிடந்த கருவியைத் துடைத்து, ஜூலைத் தொகுப்பின் குப்பிகளை மடிப்புச் சோதனைக்கு வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நாளில் முடிவு வந்தது. நூற்றுக்கு அறுபது அரைகுறை மடிப்பு. சரியாக மடிந்த புரதம் நரம்பில் போய் உட்காரும், வேலையை முடித்துவிட்டு எழுந்து போகும். அரைகுறை மடிந்தது உட்கார்ந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரமோ நான்கு வாரமோ, உடம்பே அதைக் கரைக்கிற வரைக்கும் அது போகாது. தினம் ஒன்று அடித்தால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். படபடப்பு மட்டுமில்லை, பயம் என்பதே அற்றுப்போகும்.

தயாபரனும் மூன்று இயக்குநர்களும் அவளுக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அவள் படம் போட்டு விளக்கினாள். முத்துமாலையின் கால்களைக் காட்டினாள்.

"சார், இத அடிச்சவங்க கார் ஓட்டுறாங்க. கிரேன் ஓட்டுறாங்க. ஆபரேஷன் செய்யுறாங்க. ஆளுக சாவாங்க சார்."

"சாவாங்கதான்" என்றார் ஒரு இயக்குநர் கனிவாக.

"நாமதான் காரணம் சார். நானும்தான். சூடு ஏத்துனது நான்."

"உங்க மேல யாருக்கும் வருத்தம் இல்ல பெல்சியா" என்றார் தயாபரன். "எவ்ளோ பேஷனேட்டா பேசறீங்க! நம்ம கம்பெனில இப்படி ஃபீல் பண்ணிப் பேசற ஆளே இல்ல." நான்கு பேரும் கைதட்டினார்கள். சிறந்த விளக்கவுரைக்காக ஒரு கண்ணாடிக் கேடயமும் கொடுத்தார்கள். அவர்கள் மூக்கிலும் தினம் காலை அதே பீய்ச்சல்தான் என்பது கேடயத்தை வாங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வாங்குகிற கம்பெனிகளுக்கு எழுதினாள். ஒரு மென்பொருள் கம்பெனியிலிருந்து மட்டும் பதில் வந்தது. 'தங்கள் கடிதத்துக்கு நன்றி. இந்தக் காலாண்டில் எங்கள் ஊழியர் ஒருவர்கூட ராஜினாமா செய்யவில்லை. எடுத்த வேலை ஒன்றுகூட முடியவில்லை. அதனால் யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. அடுத்த சரக்கை எதிர்பார்க்கிறோம்.'

அவள் அன்று மத்தியானம் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பு இருந்தால் சண்டை போடலாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்களை என்ன செய்வது? கையைக் கழுவப் போகும்போது அந்தக் கேள்விக்கு விடை அதற்குள்ளேயே இருப்பது அவளுக்குப் புலப்பட்டது. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். 'பொருள்: ஆறு தொட்டிகளின் சூட்டையும் முப்பது டிகிரிக்குக் குறைக்க அனுமதி கோருதல். இதனால் உற்பத்தி முழுவதும் நின்றுபோகும். கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள சரக்கைத் திரும்ப வரவழைத்து எரிக்கவும் அனுமதி கோருகிறேன்.' எடுத்துக்கொண்டு தயாபரனின் அறைக்குப் போனாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேனே. உற்பத்தி நிக்கும், சரக்க எரிக்கணும். தெளிவா எழுதியிருக்கீங்க." தேதியும் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பெல்சியா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கீழே இறங்கி வந்து, பட்டப்பகலில், ஐம்பது பேர் பார்க்க, ஒவ்வொரு தொட்டியாகச் சூட்டைக் குறைத்தாள். பதிவேட்டில் எழுதி, ஷிப்ட் பொறுப்பாளரிடம் கையெழுத்தும் வாங்கினாள். இரண்டு மணி நேரத்தில் 'உழைப்பாளி' தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். திரையில் புரதத்தின் அளவு சுழியத்தில் வந்து படுத்தது. ஆறு தொட்டியும் சும்மா ஓடின; ஆட்கள் சும்மா வந்தார்கள்; எண்களைக் குறித்துக்கொண்டார்கள்; சுழியம் என்று எழுதும்போதும் அழகாக எழுதினார்கள். திரும்ப அனுப்பச் சொன்ன சரக்கு லாரி லாரியாக வந்தது. அங்கேயும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

ஒன்பதாம் நாள் கேட் இயந்திரத்தில் மருந்து தீர்ந்தது. பீய்ச்சாததால் கதவு திறக்கவில்லை. முந்நூறு பேரும் வெயிலில் வரிசையாக, அமைதியாக, மத்தியானம் வரைக்கும் நின்றார்கள். கடைசியில் அவளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இயந்திரத்தைக் கழற்றச் சொன்னாள்.

முப்பதாம் நாள் காலை ஆய்வகப் பக்கமிருந்து ஒரு கூச்சல். உமையொருபாகம் கையில் ஒரு குப்பியோடு ஓடி வந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது.

"எந்த மூதிம்மா இத ஒட்டுனது? லேபிளப் பாரும்! தலைகீழா இருக்கு! மூணு மாசமா தலைகீழாவே போயிருக்கு! நான் என்ன செஞ்சுட்டு இருந்தேன்? எங்கே போய்த் தொலைஞ்சேன் நான்?"

பெல்சியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வட சாப்ட்டுட்டு இருந்தீங்க சார்" என்றாள்.

மூன்று நாள் கழித்துத் தயாபரன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"யார் நிறுத்தினது? ஒரு மாசமா ஜீரோ! ஒரு மாசம்! யார் பர்மிஷன் குடுத்தது?"

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். உட்கார இடம் தேடினார். நாற்காலி எதுவும் இல்லாததால் தரையில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ போயிருக்கு பெல்சியா? வெளில?"

"ஜூலையில இருந்து பதினோரு லட்சம் குப்பி சார். எரிச்சது நாலு லட்சம்தான்."

"அந்த ஆளு... கொதிகலன்ல... அவர் பேரு என்ன?"

"முத்துமாலை."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். கழிவுநீர்த் தொட்டி ஓரமாக வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "சொல்லியிருக்கலாமே நீங்க" என்றார்.

"சொன்னேன் சார். கேடயம் குடுத்தீங்க."

பயம் வந்த மனிதர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் வக்கீல்கள் வந்தார்கள். மறுநாள் பெல்சியாவுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. நன்றாக யோசித்து எழுதப்பட்ட கடிதம். 'நிம்மதியைத் தொடர்ந்து உபயோகித்ததன் காரணமாக நிர்வாக இயக்குநர் நல்லது கெட்டது அறியும் நிலையில் இல்லாதபோது, அதைத் தெரிந்தே, அவரிடம் கையெழுத்துப் பெற்றதற்காக' அவள் நீக்கப்படுவதாக அதில் இருந்தது.

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். வெண்சங்கு பயோ, தன் தலைப்புத்தாளில், தன் முத்திரையோடு, தன் மருந்து என்ன செய்யும் என்று தானே எழுதிக் கொடுத்திருந்தது. உமையொருபாகம் அதைப் பத்துப் பிரதி எடுத்தார். ஒவ்வொரு பிரதியும் நேராக விழுந்திருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் கொடுத்தார். பெல்சியா அவற்றைக் கொடுக்க வேண்டிய இடங்களில் கொடுத்தாள். ஆறு நாளில் அதிகாரிகள் வந்து தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

முந்நூறு குடும்பத்துக்கு வேலை போனது. கடைத்தெருவில் பெல்சியாவைப் பார்த்தால் பாக்கிங் பிரிவுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "நல்லாத்தானே இருந்தோம்? உங்களுக்கு மட்டும் சேரலன்னா எங்களுக்கும் கூடாதா?" பெல்சியாவிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் இருந்த பை காலியாக இருந்ததால் அதைச் சொல்லாமல் நடந்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெந்துபோன உடம்பு மெதுவாகத்தான் கரைத்ததால் முத்துமாலைக்கு மருந்து மற்றவர்களுக்கெல்லாம் பிறகுதான் தெளிந்தது; தெளிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கால்கள் தப்பிவிட்டன, இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் போயின. கட்டு மாற்றும் நேரம். மாடிப்படியிலேயே அவருடைய அலறல் கேட்டது. கட்டு மாற்றி முடிந்து அவள் உள்ளே போனபோது அவர் வெளிறிப்போய், வியர்த்துக் கிடந்தார்.

"மேடம்" என்றார். "அந்த மருந்து ஒண்ணு கெடைக்குமா? ஒண்ணே ஒண்ணு."

"கைக்கு வந்த எல்லாத்தையும் எரிச்சாச்சு முத்துமாலை."

அவர் அவளையே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"சூட்ட ஏத்துனது யாரு? நீங்கதான ஏத்துனீங்க? ஒன்றர மடங்கு, ஒன்றர மடங்குன்னு சொல்லிட்டு சந்தோசமா திரிஞ்சீங்களே! நான் ஒங்கள கூப்பிடாம இருந்தேனே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இவன் ஏன் கூப்பிடலன்னு வந்து பாத்தீங்களா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, இந்தக் கால வெச்சுட்டு எனக்கு எவன் வேல குடுப்பான்? சொல்லுங்க! இங்க எதுக்கு வந்தீங்க? பழமா வாங்கிட்டு வந்தீங்க? யாருக்கு வேணும் ஒங்க பழம்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பெல்சியா தலையைக் குனியவில்லை, எழுந்து போகவும் இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கால் மணி நேரம் திட்டிவிட்டு அவர் களைத்துப்போய் அழ ஆரம்பித்தார். பேச்சித்தாய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பெல்சியா பழத்தை அலமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மாடிப்படி இறங்கும்போது பின்னால் பேச்சித்தாய் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"எக்கா, எக்கா! தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாளா அழுதாரு, கத்துனாரு, ஆனா ஒரு வார்த்த பேசல. இன்னைக்கித்தான் வாயத் தொறந்து பேசியிருக்காரு."

"பரவால்ல பேச்சி. அவரு சொன்னதுல என்ன தப்பு?"

"நாளைக்கும் வருவீங்களாக்கா?" என்றாள் பேச்சித்தாய். "திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா அவருக்கு. என்னையத் திட்ட மாட்டாரு."

மறுநாள் பத்து மணிக்கு, கட்டு மாற்றுகிற நேரத்துக்குச் சரியாக, பெல்சியா போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.